மெக்சிக்கோ துரைசாணியின் துணிப் பாடம்

1

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்கிறீர்கள். தங்கம் வெட்டி எடுக்கும்போது எப்படி இருக்கும், மஞ்சளாகவா, மண்ணாகவா? எனக்குத் தெரியாது. கோலார் தங்கவயலுக்கு வந்து இந்தத் தையோடு பதினோரு வருஷம். ஒரு பொட்டுத் தங்கத்தை இங்கே கண்ணால் பார்த்ததில்லை. குழிக்குள் இறங்குகிற பக்கத்து வீட்டுக்காரனும் பார்த்ததில்லை. அவன் பார்ப்பது கல். இனிமேல் கேட்காதீர்கள்.

நான் பார்ப்பது துணி. குடியாத்தத்துக்கு மேற்கே நம் ஊரில் என் அப்பா கையால் தைத்தார். நான் இங்கே மெஷினில் தைக்கிறேன். மூங்கில் தட்டி அடித்த கூலி லைன் வீடு, ஒரே அறை, மழை பெய்தால் மெஷினுக்குத்தான் முதலில் சாக்குப் போர்த்துவேன். ரயிலேறினால் நம் ஊர் அரை நாள் தூரம். "அது என்ன பெரிய வெளிதேசமா" என்று என் மச்சான் எழுதியிருந்தான். வெளிதேசம்தான். அங்கே வெள்ளைக்கார ராணி ஆட்சி, இங்கே மைசூர் மகாராஜா. பிளேக் காலத்தில் இங்கிருந்து அங்கே போக ஒரு பாஸ் வாங்கிப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும்.

தண்ணீர் பிடிக்குமிடத்தில் தெலுங்கு, கடையில் கன்னடம், பங்களாவில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ். எல்லாம் அரைகுறை. போன வருஷம் ஐந்தாவதாக ஸ்பானியம் வந்து சேர்ந்தது. அதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் துணிமணிகளின் பெயர். சோறு, தண்ணீர், உயிர், சாவு எதற்கும் சொல் தெரியாது. சட்டை தெரியும், பாவாடை தெரியும், கறுப்பு தெரியும். அந்தச் சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய கேள்வி கேட்க வேண்டி வந்தது. அதற்கு முந்தாநாள்தான் பதில் கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2

ஊரிகம் ரயிலடிக்கு மேலே மேட்டுப் பங்களாவில் இருக்கும் துரையைக் கேப்டன் என்பார்கள். பட்டாளத்துக் கேப்டன் இல்லை, சுரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கேப்டன். இங்கே வருவதற்கு முன் மெக்சிக்கோ என்ற தேசத்தில் வெள்ளிச் சுரங்கத்தில் இருந்தவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவள் பெயர் தோன்யா இனேஸ். தோன்யா என்பது நாம் அம்மா என்று சேர்த்துக்கொள்வதுபோல மரியாதை. லைனில் அவளுக்கு மெக்சிக்கோ துரைசாணி என்றே பெயர்.

மற்றத் துரைசாணிகள் அவளோடு பேசுவதில்லை. அவளுக்கு இங்கிலீஷ் வராது. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டார்கள், அவள் நிறம் அப்படி. துரை விடிந்தால் குழிக்குப் போய்விடுவார். பகலெல்லாம் அந்தப் பங்களாவில் மிச்சமிருக்கும் ஆட்கள் மூன்றே பேர். அவள், சமையல்காரர் சின்னப்பன் அண்ணன், வராந்தாவில் மெஷின் போட்டிருக்கும் நான்.

முதல் வாரமே சண்டை. ஒரு கவுனைக் கொடுத்து, கையைத் தொட்டு என்னவோ சொன்னாள். நான் இடுப்பைப் பிடித்துத் தைத்துவிட்டேன். அவள் தன் மொழியில் கத்தினாள். நான் தமிழில் கத்தினேன். சின்னப்பன் அண்ணன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா டெய்லரு, அந்தம்மா ஒரு சண்ட போடுது, நீ வேற சண்ட போடற. ரெண்டு பேரும் ஒரே சண்டையாவது போடக் கூடாதா?"

மறுநாள் அவள் வராந்தாவில் பாயை விரித்து, வீட்டிலிருந்த துணிகளைப் பரப்பிவிட்டாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பெயர் சொல்வாள். நான் திருப்பிச் சொல்கிறவரை கீழே வைக்க மாட்டாள். நான் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன். கமீசா, சட்டை. ஃபால்தா, பாவாடை. வெஸ்தீதோ, கவுன். மேதியாஸ், காலுறை. தெலந்தால், சமையல்காரர் முன்னால் கட்டிக்கொள்ளும் துணி. ரெபோசோ, அவள் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் நீளத் துணி. முந்தானை மாதிரிதான், புடவைதான் இல்லை.

சில சொற்கள் முன்பே தெரிந்தவைபோல் இருந்தன. சப்பாத்துக்கு சபாத்தோ. பொத்தானுக்குப் பொத்தோன். கமீசு என்று நாமே சொல்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரி என் அப்பா சொல்கிற மாதிரி பொத்தான் என்கிறாள், ஆனால் குடிக்கத் தண்ணீர் கேட்டால் விழிக்கிறாள். யார் யாரிடமிருந்து எடுத்தது என்று எனக்குப் புரியவில்லை. என்னை மாயேஸ்த்ரோ என்று கூப்பிட்டாள். கைத்தொழில்காரனை அப்படி அழைப்பார்களாம். சின்னப்பன் அண்ணன் காதில் அது மேஸ்திரி என்று விழுந்துவிட்டது.

"மேஸ்திரி ஆயிட்ட, சொல்லவே இல்லியே. எத்தினி ஆள் புட்சாந்த?"

ஊரிலிருந்து கூலியாட்களைக் கூட்டிவருகிறவனுக்குத்தான் இங்கே மேஸ்திரி என்று பெயர். அன்றிலிருந்து தண்ணீர்க்காரன் வரைக்கும் எனக்கு அதே பெயர்தான்.

சட்டைக் கைக்கு மாங்கா என்றாள். அதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். 'மே போங்கோ' என்றால் உடுத்திக்கொள்கிறேன் என்று அர்த்தம். அதை முதலில் கேட்டபோது, என்னைப் போகச் சொல்கிறாள் என்று மெஷினை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன். கேட் வரைக்கும் ஓடிவந்து திரும்பக் கூட்டிப் போனாள்.

இதெல்லாம் பரவாயில்லை. வயிற்றெரிச்சல் இதற்குப் பிறகுதான். ஒவ்வொரு துணிக்கும் முன்னால் ஒரு சின்னச் சொல் வைக்க வேண்டும். பெண்ணானால் லா, ஆணானால் எல். துணியில் ஏது ஆண் பெண்? நம்மில் துணி 'அது'. அவ்வளவுதான். சரி, பாவாடை லா ஃபால்தா, பெண். ஒப்புக்கொண்டேன். துரை போடுகிற சட்டையும் லா கமீசாவாம், அதுவும் பெண். துரைசாணி போடுகிற கவுன் எல் வெஸ்தீதோ, ஆண். நான் இரண்டையும் தூக்கிக் காட்டி, மாற்றிச் சொல்கிறாய் என்று கையால் சொன்னேன். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். சட்டையின் முடிவில் 'ஆ' இருக்கிறதாம், கவுனின் முடிவில் 'ஓ' இருக்கிறதாம். போடுகிறவர் யாரென்று துணிக்குக் கவலையில்லை.

ஒன்றுக்கு மேலிருந்தால் லாஸ், லோஸ். இரண்டு சப்பாத்து லோஸ் சபாத்தோஸ். அது புரிகிறது. ஒரே ஒரு கால்சராயைத் தூக்கி லோஸ் பந்தலோனேஸ் என்றாள். ஒன்றுதானே என்று ஒரு விரலைக் காட்டினேன். இரண்டு கால் இருக்கிறது என்று இரண்டு விரலைக் காட்டினாள். சட்டைக்கும்தான் இரண்டு கை இருக்கிறது என்று நான் இரண்டு விரலைக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறமும் சும்மா இருக்காது. வெள்ளைச் சட்டைக்குப் பிளாங்கா, வெள்ளைக் கவுனுக்குப் பிளாங்கோ, பல சட்டைக்குப் பிளாங்காஸ், பல கவுனுக்குப் பிளாங்கோஸ். ஒரே வெள்ளைக்கு நாலு வால். சோப்புப் போட்டு வெளுத்தாலும் வால் போகாது. நோட்டில் நாலையும் எழுதி, பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் எழுதி வைத்திருக்கிறேன். தமிழில்தான்.

3

இந்தப் பாடம் நடந்தபோது என் மனைவி அலமேலு மாசமாக இருந்தாள். மூன்றாவது தடவை. முதல் இரண்டும் தங்கவில்லை.

முதல் பிள்ளைக்கு நான்தான் குற்றவாளி. நம் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குத் துணி தைப்பதில்லை, பிறந்த பிள்ளைக்கும் முதலில் புதுத் துணி போடுவதில்லை. நல்லபடியாக வளர்ந்த ஒரு பிள்ளையின் பழைய துணியைக் கேட்டு வாங்கித்தான் முதலில் உடுத்த வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் அதை மீறினேன். தையல்காரன் பிள்ளை கந்தலில் கிடப்பதா என்று திமிர். ஏழாம் மாதமே ஒரு சின்னச் சட்டை தைத்து, கழுத்தில் பூவேலை செய்து வைத்தேன். பிள்ளை அதை நாலு நாள் போட்டிருந்தது. இரண்டாவது பிள்ளைக்கு எதுவும் தைக்கவில்லை. பிறந்த பத்தாம் நாள், அளவு டேப்பைச் சும்மா அதன் உடம்போடு வைத்துப் பார்த்தேன். பழக்கதோஷம். அதுவும் போய்விட்டது. அலமேலு டேப்பை எடுத்துக் கூரையில் செருகிவிட்டாள். அன்று முதல் வீட்டில் அளப்பது கிடையாது, வேலைக்கு வாங்கிய வேறு டேப்பை வேலை செய்யும் இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன்.

மூன்றாவதை அம்மா வீட்டில் பெறுவது என்று முடிவு. அங்கே அவள் அண்ணன் பிள்ளைகளின் பழைய துணி அடுக்கி வைத்திருந்தது. பிளேக் வந்தது. எல்லை தாண்ட பாஸ். பாஸ் கொடுக்கிற இடத்தில் நாலு தடவை நின்றேன். முதல் நாள் எழுதுகிறவர் வரவில்லை. இரண்டாம் நாள் கன்னடத்தில் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், டாக்டர் சீட்டு கேட்டார். சீட்டோடு போனால் அது இங்கிலீஷில் இருக்க வேண்டுமாம். இங்கிலீஷில் வாங்கிப் போனால் பெண்ணை நேரில் கொண்டுவா என்றார்.

"நெற மாசம் சாமி. எப்டி வர்ர்து?" என்றேன்.

"நடக்க முடியாதவ ரயில்ல எப்டி போவா?" என்று அவர் தமிழிலேயே கேட்டார். இவ்வளவு நாளும் தமிழ் தெரிந்துகொண்டுதான் என்னைக் கன்னடத்தில் அலையவிட்டிருக்கிறார்.

பழைய துணியையாவது அனுப்பச் சொல்லலாம் என்றால், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பழந்துணி மூட்டையை ரயிலடியிலேயே கொளுத்திவிடுகிறார்கள். லைனில் கேட்டோம். எதிர்வீட்டுக் கன்னியம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் குத்துக்கல்லாட்டம். அலமேலு போய் வாய்விட்டுக் கேட்டாள்.

"சொன்னா தப்பா எட்த்துக்காத தங்கச்சி," என்றாள் கன்னியம்மா. "ரெண்டு போன வூட்டுக்கு எம்புள்ள துணிய குட்த்துட்டு நான் எப்டி தூங்குவேன்? வேற எதுனா கேளு. அரிசி கேளு."

அலமேலு அரிசி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

4

மழை விட்டு வெயில் வந்த ஒருநாள் துரைசாணி தகரப்பெட்டியைத் திறந்து துணிகளைக் காயப்போட்டாள். நான் பெயர் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. எடுத்ததெல்லாம் கறுப்பு. எல் வெஸ்தீதோ நேக்ரோ. லா ஃபால்தா நேக்ரா. லாஸ் மேதியாஸ் நேக்ராஸ். லோஸ் சபாத்தோஸ் நேக்ரோஸ். கறுப்புக்கும் நாலு வால். நாலையும் தப்பில்லாமல் சொன்னேன். அவள் கைதட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் உடம்பில் இருப்பதும் கறுப்பு, பெட்டியில் இருப்பதும் கறுப்பு.

பெட்டியின் அடியில் ஒரே ஒரு வெள்ளை. உள்ளங்கை அகலச் சட்டை. துவைத்துத் துவைத்துப் பழுத்த பருத்தி, கழுத்தில் பால் கறை. கமிசீத்தா என்றாள். பெரியது கமீசா, சின்னது கமிசீத்தா. அவர்கள் மொழியில் வாலை மாற்றினாலே துணி சுருங்கிவிடும். பிறகு, "தெல் நீன்யோ" என்று சொல்லி இடுப்பளவு உயரத்துக்குக் கையைக் காட்டினாள். பையனுடையது. அதை அவள் கீழே வைக்கவே இல்லை. நான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லியும் வைக்கவில்லை.

பங்களாவில் பையன் யாரும் இல்லை. சின்னப்பன் அண்ணனைக் கேட்டேன்.

"சீமையில பட்க்கறான்றாங்கோ. தொரையோட அம்மா வூட்ல. நான் இங்க வர்ர்துக்கு முன்னாடியே அனுப்ட்டாங்க. நான் பாக்கல."

"அப்ப அந்தம்மா ஏன் கறுப்பு கட்டுது?"

"கறுப்புன்னா இவங்களுக்குத் துக்கம்பா."

"யாருக்குத் துக்கம்?"

"அத்த என்னக் கேட்டா? நீதான் மேஸ்திரி. நாலு வால் பட்ச்சவன். போய்க் கேளு."

வீட்டில் அலமேலுவிடம் சட்டையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் சுவரிலிருந்து திரும்பினாள்.

"பழசா?"

"பழசு. பால் கறகூட கீது."

"அந்தப் புள்ள உசிரோட கீதா?"

"கேக்கறேன்."

"நல்லா கேட்டுக்கினு வா. செத்த புள்ள துணிய இந்த வூட்டுக்கு எட்த்தாந்த, நான் உள்ள இருக்க மாட்டேன்."

5

இங்கேதான் என் ஸ்பானியம் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறானா என்று எப்படிக் கேட்பது? துரையிடம் கேட்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். உன் பிள்ளை செத்துவிட்டதா என்று கூலித் தையல்காரன் ஒரு துரையிடம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நோட்டைப் புரட்டினேன். சட்டை, கால்சராய், பொத்தான், புதுசு, பழசு, வெள்ளை, கறுப்பு. 'யேவா' என்று ஒன்று இருந்தது. ஒருவர் மேலே துணி போட்டிருக்கிறார் என்று சொல்ல அது. துரையைப் பார்த்து, வெள்ளைச் சட்டை யேவா என்பாள். இரவெல்லாம் யோசித்தேன். செத்தவன் சட்டை போட்டிருக்க மாட்டான். இன்றைக்கு ஒரு பையன் என்ன சட்டை போட்டிருக்கிறான் என்று அவள் சொல்லிவிட்டால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் இவ்வளவு புத்திசாலித்தனமாக நான் எதையும் யோசித்ததில்லை.

காலையில் அவள் வந்ததும் எழுந்து நின்று கேட்டேன். "கே கமீசா யேவா எல் நீன்யோ?" பையன் என்ன சட்டை போட்டிருக்கிறான்?

சொற்கள் எல்லாம் சரியாக விழுந்தன. அவளுக்கும் புரிந்தது. வாயைத் திறந்தாள், பதில் சொல்லத்தான் திறந்தாள். "நோ சே," என்றாள். தெரியாது என்று அர்த்தம், அது நோட்டில் இருந்தது. இன்னொரு தடவை "நோ சே" என்றாள். பிறகு ரெபோசோவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது.

நான் என்ன செய்வேன்? செத்ததற்கு அழுகிறாளா, தெரியாததற்கு அழுகிறாளா? அழுகைக்கு வால் இல்லை. கேட்டதை எண்ணி என்னையே திட்டிக்கொண்டேன், ஆனால் வந்த வேலையை விடவில்லை. அலமேலுவின் வயிறு இப்படி என்று என் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினேன். பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டினேன். "லா கமிசீத்தா வியேஹா," என்றேன். அந்தப் பழைய சின்னச் சட்டை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புதுசு தைக்கலாமே என்று மெஷினையும் துணியையும் காட்டி, "நுவேவா" என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "நுவேவா வேணாம் அம்மா. வியேஹா. வியேஹா."

அவளுக்கு இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியிருக்கும். பிறக்கப் போகிற பிள்ளைக்கு எவனாவது கந்தலைக் கேட்டுக் கும்பிடுவானா? ஆனாலும் அவள் உள்ளே போய், அந்தச் சட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடினாள்.

வீட்டில் அலமேலு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"உசிரோட கீறானா?"

"கீறான்," என்றேன்.

6

நாலாம் நாள் பெண் பிறந்தது. சின்ன உடம்பு. மருத்துவச்சி கழுவித் துடைத்ததும் அலமேலு தன் கையாலேயே அந்தச் சட்டையைப் போட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். துரைசாணி வெள்ளைத் துணி வாங்கி வைத்திருந்தாள். மூன்று சட்டை வேண்டும் என்றாள். சின்னது, அதைவிடப் பெரியது, அதைவிடவும் பெரியது. ஏழு, எட்டு, ஒன்பது வயதுப் பையன் அளவு என்று கையால் உயரம் காட்டினாள். ஒரு பையனுக்கு ஏன் மூன்று அளவு என்று கேட்கச் சொல் இல்லை. வெட்டும்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

என் தம்பி இரண்டு வயதில் இறந்தவன். நம் வீட்டுப் படையலில் ஒவ்வொரு வருஷமும் என் அம்மா அவனுக்கு ஒரு வேட்டி வைப்பாள். முதல் வருஷம் ஒரு முழம். அடுத்த வருஷம் கொஞ்சம் கூட. இருந்திருந்தால் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று என்மேல் வைத்து அளப்பாள். நான் ஊரைவிட்டு வந்தபோது அவனுக்குப் பெரிய வேட்டியே வைத்தாள். செத்த பிள்ளைக்குத்தான் அளவு தெரியாமல், வருஷத்துக்கு வருஷம் பெரிதாகத் தைப்பார்கள். உயிரோடிருக்கும் பிள்ளையின் அளவு எந்தத் தாய்க்குத் தெரியாது?

மூன்று சட்டையையும் தைத்தேன். அடையாளத்துக்குக் கழுத்துப் பட்டையின் உள்ளே சிவப்பு நூல் போட்டேன். சின்னதுக்கு ஒரு நூல், நடுவுக்கு இரண்டு, பெரியதுக்கு மூன்று. அவள் மூன்றையும் மடித்து அதே தகரப்பெட்டியில் வைத்து மூடினாள். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அந்த மூன்று மாதத்தை எப்படிச் சொல்வது? பிள்ளை தும்மினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு வாரம் சளி கட்டியது. அலமேலு கவலைப்படவே இல்லை. "துணி நல்ல துணிய்யா, ஒண்ணியும் ஆவாது," என்பாள். துவைத்துக் காய்கிற நேரம் தவிர அந்தச் சட்டைதான். கழற்று என்று சொல்ல வாய்வரை வரும். ஏன் என்று கேட்டால்? பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அந்த முகம் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். இதில் எது சரி என்று எனக்குச் சொல்ல ஒரு ஆளில்லை. பங்களாவில் அவள் சொல்லிக்கொடுத்த புதுச் சொற்களை எழுதவில்லை. கோபமாக இருந்தேன். அவள்மேலா, என்மேலா, தெரியவில்லை. எல்லாத் தையலையும் கோணலாகப் போட்டேன்.

7

முந்தாநாள் ஞாயிறு. அவசரத் தையல் இருக்கிறதென்று வரச் சொல்லியிருந்தார்கள். துரை வீட்டில் இருந்தார். வராந்தாவுக்கு வந்தபோது துரைசாணி கையில் ஒரு காகிதம். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். புரியாமல் நின்றேன். மறுபடியும் இரண்டு விரல். பிறகு தன் கழுத்துப் பட்டையைப் புரட்டி, உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

இரண்டு நூல்.

பிறகு தன் கையை நீட்டி, கவுனின் கையை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரல் அளவு இழுத்துவிட்டாள். "லாஸ் மாங்காஸ், கோர்த்தாஸ்," என்றாள். கை குட்டை.

துரை சாய்வுநாற்காலியிலிருந்து தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "டெய்லர், நம்பள் பையன் லெட்டர். மூணு சட்டை கப்பல்ல போச்சு. ரெண்டு நூல் சட்டை சரி. கை சின்னது. பையன் ரொம்ப வளர்ந்து போச்சு."

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. பையனுக்கு அம்மா மொழி மறந்துவிட்டதாம். துரை ஒவ்வொரு வரியாகப் படித்து மாற்றிச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் கடிதம் அவளுக்கு இன்னொருவர் வாய் வழியாகத்தான் வருகிறது. மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. அளவு தெரியாது. அதனால்தான் மூன்று. உயிரோடிருக்கும் பிள்ளையின் அளவு ஒரு தாய்க்குத் தெரியாமல் போகும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நம் ஊரில் அது நடக்காது. இங்கே நடக்கிறது.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "அம்மா ஏன் கறுப்பு, தொரை?" என்று கேட்டேன்.

"அவ அம்மா மெக்சிக்கோல செத்துப் போச்சு. ரெண்டு வருஷம் கறுப்பு."

அவ்வளவுதான் சங்கதி. ஒரு வரி. இதற்காக நான் மூன்று மாதம் செத்தேன். யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

சின்னப்பன் அண்ணன் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னா மேஸ்திரி, கை குட்டயா பூட்ச்சாமே. சீம வரைக்கும் மானம் போச்சு," என்றார். என் தையலில் கை குட்டை என்று பதினோரு வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. வேறொரு நாளானால் அவர் கரண்டியைப் பிடுங்கியிருப்பேன். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் பயந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்தே போனேன். ஓடவில்லை, ஓடினால் லைனில் கேள்வி வரும். அலமேலு வாசலில் பிள்ளையை மடியில் போட்டு வெயில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் தெச்ச சட்ட கை குட்டயாம்," என்றேன்.

"தப்பா தெச்சிட்டு இன்னாத்துக்குயா சிரிக்கற?"

"அந்தப் பையன் வளந்துட்டான்மே. ரெண்டு வெரல் கூடவே வளந்துட்டான்."

"வளராம? உசிரோட கீற புள்ள வளராதா?" என்றாள். அவளுக்கு அதில் செய்தியே இல்லை.

நான் பிள்ளையைக் கையில் வாங்கினேன். கமிசீத்தாவின் கையிலிருந்து அவள் மணிக்கட்டு வெளியே வந்திருந்தது. கையை நீட்டி என் மீசையைப் பிடித்தாள். குட்டை. இதுவும் இரண்டு விரல் குட்டை. இத்தனை நாள் இந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே கை வளர்ந்ததைப் பார்க்கவில்லை.

அலமேலுவும் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், கூரையில் கையை விட்டு, புகையேறிக் கறுத்த அளவு டேப்பை உருவிக்கொண்டு வந்தாள். என்னிடம் நீட்டினாள்.

"கைய மட்டும் அள," என்றாள்.

அளந்தேன்.